அக்கா கல்யாணத்துக்கு நெய் வாங்கப் போனேன்

தொழிலை அரைகுறையாகக் கற்றவனைக் கல்யாண வேலைக்கு அனுப்பக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அரைகுறை நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். சேலத்தில், உணவுக் கலப்படம் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. உதவியாளர் என்றால் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குகிறவர். (இதை வீட்டில் நான் விளக்கவில்லை. அம்மா, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் "எம் மகன் சயின்டிஸ்ட்டு" என்று சொல்லி வைத்திருந்தாள்.)

அப்போது செசிலி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா சீர்வரிசை பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. "பலகாரம் மட்டும் சுத்தமான நெய்யில இருக்கணும். வனஸ்பதின்னா ஒரு விள்ளல்லயே எனக்குத் தெரிஞ்சிடும்."

நெய் வாங்கும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்திலிருந்து ஒரு சீசா அமிலம், ஒரு சின்னப் புட்டியில் மருந்து, ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு தக்கை ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன் (கேட்காமல்தான்). உருக்கிய நெய்யோடு அமிலத்தையும் நாலு சொட்டு மருந்தையும் சேர்த்துக் குலுக்க வேண்டும். அடியில் தங்கும் அமிலம் சிவந்தால் வனஸ்பதி கலந்திருக்கிறது, சிவக்காவிட்டால் நல்ல நெய். எங்கள் அதிகாரி செய்வதைத் தூரத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை கல்யாணம். திங்கட்கிழமை நாமக்கல் பக்கம் சந்தை. மே மாத வெயிலில் அலையப் போகிறேனே என்று அம்மா என் உச்சந்தலையில் எண்ணெயை வைத்து அறைந்து அனுப்பினாள்.

சந்தையில் வேர்த்த நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, குழாயையும் துடைத்து, முதல் கடைக்காரம்மாவின் நெய்யைக் குலுக்கினேன். சிவந்தது. "கலப்படம்!" என்று நாலு கடைக்குக் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னேன். மறுபடியும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குழாயைக் கழுவித் துடைத்து, அடுத்த பானைக்குப் போனேன். சிவந்தது. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. நாலும் சிவந்தால் புத்தியுள்ளவன் தன்னைச் சந்தேகப்படுவான். நான் ஜில்லாவையே சந்தேகப்பட்டேன்.

ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தவர் பாவாயம்மா. திருச்செங்கோட்டுப் பக்கம் காடுகரை உள்ளவர். அவர் நெய்யும் சிவந்தது. அதற்குள் என்னைச் சுற்றி நல்ல கூட்டம்.

"ஏனுங்க சாமி, எருமை எங்க ஊட்டுது. கறந்தது நானு, கடைஞ்சது நானு. இதுல வனஸ்பதி எங்கிருந்துங்க வரும்?"

"விஞ்ஞானம் பொய் சொல்லாதும்மா."

அவர் என் நெற்றியையும் கையிலிருந்த கைக்குட்டையையும் பார்த்தார். "அப்படீங்களா? சரீங்க. நெய்யே ஊத்தாம ஒருக்கா ஆட்டிக் காட்டுங்க, பாக்கலாம்."

நான் பெரிதாகச் சிரித்தேன். குழாயைக் கழுவி, துடைத்து, வெறும் அமிலமும் மருந்தும் விட்டுக் குலுக்கிக் காட்டினேன். குழாய் ரோஜாப் பூவாகச் சிவந்தது.

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் குழாயைப் பார்த்தேன். பாவாயம்மா என் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கி மோந்து பார்த்தார்.

"நல்லெண்ணெய் வாசமுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வனஸ்பதியைக் காட்டிக்கொடுப்பதற்காக அதில் கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். குழாயில் சிவப்பது அந்த நல்லெண்ணெய்தான். அம்மா வைத்த எண்ணெய் வேர்வையோடு நெற்றியில் வழிய, அதைத் துடைத்த கைக்குட்டையாலேயே ஒவ்வொரு முறையும் குழாயைத் துடைத்திருக்கிறேன். எங்கள் அதிகாரி எப்போதும் முதலில் வெறும் குழாயைத்தான் குலுக்கிப் பார்ப்பார். மருந்தை வீணாக்குகிறாரே என்று முணுமுணுத்தபடி அதைக் கழுவி வைத்தவன் நான். அன்றைக்கு அந்தச் சந்தையில் கலப்படமான ஒரே சரக்கு என் தலை.

"மன்னிச்சுடுங்கம்மா. நாளன்னைக்கு அக்கா கல்யாணம். ஒரு டின் நெய் குடுங்க."

அவர் பானையை மூடினார். "என்ற நெய்யக் கலப்படம்னு ஊரு முன்னால சொல்லிப்போட்டு, இப்ப வேணுமுங்களா? உங்க தலையிலயே வேணுங்கற அளவு இருக்குதுங்களே. அதுல பலகாரம் சுட்டுக்கோங்க சாமி."

(கொங்கு நாட்டில் திட்டும்போதுகூட மரியாதை குறையாது. வலி மட்டும் கூடும்.) மற்ற நாலு பானைகளும் மூடிக்கொண்டன.

காலி டின்னோடு வீடு திரும்பி, நடந்ததைச் சொன்னேன். சமையல்காரர் அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் தெருக்கோடிக் கடையில் கிடைத்தது ஒரு டின் வனஸ்பதி. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே போய் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபோது செத்துப்போகலாம் போல இருந்தது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பா மைசூர்பாகை ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். எங்கள் வீடே மூச்சை நிறுத்தியது.

"இதுதாங்க நெய்யி! எங்க புடிச்சீங்க?"

அதுவரை பொய்யே பேசியறியாத அப்பா, "தம்பிதான் சோதிச்சு வாங்கிட்டு வந்தான்" என்றார். அடுத்த சனிக்கிழமை அந்தப் பொய்யைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அக்கா முதல் முறை தாய்வீடு வந்தபோது அவளே எனக்குப் பரிமாறினாள். நெய்க் கிண்ணத்தை எடுத்தவள், "தம்பி, தலையப் பின்னால சாய்ச்சுக்கோ. எண்ணெய் சொட்டிடப் போவுது" என்றாள். நான் சாய்ந்தேன். கரண்டி ஆட ஆட அவள் சிரித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் அதே கட்டளைதான். அக்கா பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். நெய் என்றால் தலையைச் சாய்க்க வேண்டும் என்று அவர்களும் சாய்ந்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் சாய்கிறார்கள். சமீபத்தில் அக்கா பேத்தியின் கல்யாணப் பந்தியில் நெய் வந்தபோது எங்கள் வரிசை முழுக்கத் தலைகள் பின்னால் போயின. எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, அவர்களும் பயபக்தியோடு சாய்ந்துகொண்டார்கள்.