ஏரி தாண்டாத ட்ரோனும் நகரி வானூர்தி மன்றமும்

உலக விமான வரலாற்றில் ஆந்திர எல்லையூரான நகரிக்கு இதுவரை ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படவில்லை என்றால், அது வரலாற்றாசிரியர்களின் சோம்பேறித்தனமே அன்றி வேறில்லை. பறக்க வேண்டிய பொருளைத் தரையோடு நிறுத்தி வைக்கும் அரிய கலையைக் கண்டுபிடித்தது நகரி வானூர்தி ஆர்வலர் மன்றம்தான்!

மன்றத்தின் செயலாளர் கமலக்கண்ணனுக்கு ரோஹிணி என்றால் உயிர். அவளுடைய அப்பா பச்சையப்பனுக்கு ஏரியின் அக்கரையில் விசைத்தறி ஷெட். "ட்ரோன் ஓட்டி பொழைக்கிறேன்னு சொல்லிக்கினு திரியறியே, ஏரியத் தாண்டி என் ஷெட்ட வீடியோ புடிச்சிக் காட்டு. பொண்ணத் தரேன்" என்று சொல்லிவிட்டார் அவர்.

கமலக்கண்ணன் புது ட்ரோன் வாங்கினான். நகரியில் பைக் ஆனாலும் மிக்ஸி ஆனாலும் பூஜை போடாமல் ஓடாது. மன்றத் தலைவர் ஜெயச்சந்திரன் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சை நசுக்கி, காளஹஸ்திக் கடைத்தெருவில் வாங்கிய செப்புத் தகட்டை ரிமோட்டின் ஆன்டெனாவில் இறுக்கிச் சுற்றினார். திருஷ்டி அந்த வழியாகத்தான் உள்ளே நுழையுமாம்.

ட்ரோன் கிளம்பியது. பாதி ஏரி போவதற்குள் சிக்னல் அறுந்து, சமர்த்தாக வீடு திரும்பிவிட்டது. "ரேஞ்ச் இல்ல" என்று அறிவித்தது மன்றம், ஆழ்ந்த ஆலோசனைக்குப் பின்.

அவசரக் கூட்டம் கூடியது. பேட்டரியை மாற்றினார்கள். கமலக்கண்ணனை மொட்டைமாடியில் ஏற்றினார்கள்.

"திருத்தணி பக்கத்துலருந்து தமிழ்நாட்டு சிக்னல் வந்து அமுக்குது" என்றார் பொருளாளர் ஹரிபாபு.

"நம்ம ரிமோட்டு எதுத்து நிக்காதாண்ணா?" என்றான் கமலக்கண்ணன்.

"பார்டர்ல வாங்குனது, அல்லாடிக்கினுதான் இருக்கும். இன்னொரு தகடு சுத்திடலாம். ஏமண்டி, சரேனா?" என்று ஹரிபாபு தெலுங்கில் தலைவரிடம் சம்மதம் கேட்டார்.

"சரே" என்றார் தலைவர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இரண்டாவது தகட்டுக்குப் பின் ட்ரோன் கரையைத் தாண்டவில்லை. மூன்றாவதைச் சுற்றியதும் கமலக்கண்ணனின் தலைக்கு மேலேயே நின்று முனகியது.

"பாத்தியா, ஓனர வுட்டுப் போமாட்டேங்குது. இன்னா விசுவாசம்!" என்று தலைவர் கண்கலங்கினார். கமலக்கண்ணனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பச்சையப்பன் வேறு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் ரோஹிணியே ஏரிக்கரைக்கு வந்தாள். ரிமோட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா இது? ஆன்டெனாவ இரும்புப் பொட்டியில பூட்டினா மாதிரி தகட்டால மூடிட்டு, சிக்னல் போவலன்னு கூட்டம் வேற போடறீங்களா?"

மூன்று தகடுகளையும் உருவி அவன் சட்டைப்பையில் திணித்தாள். ட்ரோன் சிட்டாய்ப் பறந்தது. ஏரியைத் தாண்டி, தறி ஷெட்டையும், அதன் மாடியில் லுங்கியோடு காக்கை விரட்டிக்கொண்டிருந்த பச்சையப்பனையும் சேர்த்தே படம் பிடித்தது.

அவர் பைக்கில் பறந்து வந்தார். "சபாஷ்பா! யாரு சரி பண்ணது?"

கமலக்கண்ணன் ரோஹிணியைப் பார்த்தான். தலைவரையும் பார்த்தான். ஒரு செயலாளருக்குரிய கட்டுப்பாடு அவன் நெஞ்சில் பொங்கியது.

"மன்றம்தாங்க. தகட்டோட சக்தி உள்ள எறங்க டைம் எடுத்துக்கிச்சு."

தலைவர் அவனை ஆரத் தழுவினார். ஹரிபாபு கைதட்டினார். இத்தகைய 'பணிவு' இன்றைய இளைஞர்களிடம் எங்கே இருக்கிறது!

பச்சையப்பன் மகளிடம் திரும்பினார். "சொன்ன சொல்லு சொன்னதுதான். இந்தப் பையனையே முடிச்சிடலாமாம்மா?"

"வாணாம் நைனா" என்றாள் ரோஹிணி. "நான் பண்ணத என் கண்ணு எதுர்லயே தூக்கி மன்றத்துக்குக் குடுத்துட்டாரு. மன்றத்தையே கட்டிக்கட்டும்."