தழும்பு பார்த்துச் சேர்த்த பதினோரு பேர்

“சட்டையைக் கழட்டு” என்றார் தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் டிரெசர் அகஸ்டின்.

லியோனார்ட் கழற்றினான். ஒத்தக்கடைத் தோட்டத்தின் பந்து டீமில் அவனைப் போல் கோல் போட வேறு ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில், காலைக் குளிரில் பல் கிட்டிக்க, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். டிரெசர் கண்ணாடியை மூக்கின் மேலே ஏற்றிவிட்டு முதுகு, தோள், கழுத்து என்று தேடினார்.

“ஒரு தழும்புகூட இல்லியே. நீ விளையாட முடியாது. அடுத்த ஆள்!”

“ஐயா, போன ஆட்டத்துல மூணு கோல் போட்டவன்யா இவன்!” என்று பதறினான் தங்கராஜு.

“மூணு கோல் போட்டா அம்மை பயந்து ஓடிருமா? சின்ன வயசுல ஒரு தடவை வந்து போனவனுக்குத்தான் மறுபடி வராது. தழும்பு இருக்கிறவன் விளையாடட்டும். மத்தவன் லைன் வீட்டுல படுத்துக் கிடக்கட்டும்லா.”

எழுபத்தொன்பதாம் வருஷம் கார்த்திகை மாதம் அது. ஐந்து வாரமாகத் தோட்டத்தில் சின்னம்மை. வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலை தொங்கியது. எந்த வீட்டிலும் தாளிக்கும் வாசனை இல்லை. பள்ளிக்கூடம் மூடியாயிற்று, தோட்டத்து வாசலில் சங்கிலி போட்டாயிற்று. தோட்டங்களுக்கிடையே நடக்கும் கிண்ணப் போட்டியும் கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டது. மீதி இருந்தது ஒரே ஓர் ஆட்டம்தான். ஒத்தக்கடைக்கும் ரெட்டப்பாலத்துக்கும் இறுதி ஆட்டம்.

தங்கராஜு டீமின் செயலாளர். தேயிலை ஃபேக்டரி மாடியில் இலை வாட்டுகிற வேலை. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. அவனுக்குப் பந்துதான் பெண்டாட்டி என்று தோட்டம் பேசிக்கொண்டது.

அது பொய். எட்டு வருஷம் செயலாளராக இருந்தும் ஆஃப்சைட் என்றால் என்னவென்று அவனுக்கு விளங்கியதில்லை. அவன் பார்த்ததெல்லாம் ரெட்டப்பாலத்துத் திலகத்தை. அந்த டீம் எங்கே விளையாடினாலும் அவள் கடலைக்கூடையோடு லோரியில் வந்து இறங்குவாள். மழை கொட்டினாலும் கடைசி விசில் வரைக்கும் கோட்டோரம் நிற்பாள். போகும்போது தங்கராஜுவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

“அடுத்த மேட்ச் எப்போங்க?”

“மாசி பதினெட்டு, ஞாயித்துக்கிழமை.”

எட்டு வருஷத்தில் இருவரும் பேசியது இவ்வளவுதான். தேதி மட்டும் மாறும். பொம்பளைக்குப் பந்து மேல் இத்தனை ஆசையா என்று தங்கராஜு வியந்துபோவான். அந்த ஆசைக்குக் குறை வைக்கக்கூடாதென்றுதான் ராத்திரி பகலாகப் போட்டி ஏற்பாடு செய்தான்.

“ஒரு நடை போய்ப் பேசிட்டு வாயேன்டா” என்பாள் அவனுடைய அக்கா வடிவம்மாள். அவளிடம் மட்டும் எதையும் மறைக்க முடியாது.

“என்ன சோலின்னு போறதுக்கா? ஆம்பளை ஒருத்தன் அடுத்த தோட்டத்து லைன்ல சும்மா போய் நிக்க முடியுமா?”

“அப்ப பந்தையே கட்டிக்கிட்டு அழு.”

முந்தின வாரம் முட்டைக்கோஸ் லோரிக்காரர் சின்னையா ஒரு சேதி கொண்டுவந்திருந்தார். திலகத்துக்குத் தெலுக் அன்சன் பக்கம் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். தை பிறந்ததும் முடித்துவிடுவார்களாம்.

அதற்குள் இறுதி ஆட்டத்தை நடத்திவிட வேண்டுமென்று, அன்றைக்கே தங்கராஜு தோட்டத்து மேனேஜர் துரையைப் பார்க்க ஓடினான். டிரெசர் சரி என்றால் ஆட்டம் நடக்கலாம் என்றார் துரை. டிரெசரோ தழும்பைக் கேட்டார்.

நல்ல ஆட்டக்காரர்களெல்லாம் இளவட்டங்கள், யாருக்கும் அம்மை வந்ததில்லை. லியோனார்ட் ஒரு யோசனை செய்து, அடுப்புக்கரியைக் குழைத்து நெஞ்சில் பத்துப் பன்னிரண்டு தழும்பு வைத்துக்கொண்டு மறுநாள் திரும்பி வந்தான். டிரெசர் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு துடை துடைத்தார்.

“உனக்கு மட்டும் அம்மை ஒரே நாள்ல எறங்கிருச்சே, என்ன மருந்துடா சாப்பிட்ட?”

கடைசியில் பதினோரு பேர் தேறினார்கள். கோயிலில் மேளம் அடிக்கும் பழனியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முகம் பூராவும் தழும்பு, அதனால் அவர்தான் கேப்டன். துரை பங்களா சமையல்காரர், ஆபீஸ் பியூன், பேரன் எடுத்துவிட்ட இரண்டு பேர் என்று மற்றவர்கள்.

“அக்கா, திலகம் இதைப் பாத்தா காறித் துப்பும்க்கா.”

“வந்து பாத்தாத்தானேடா துப்பும்” என்றாள் வடிவம்மாள்.

அதுதான் அடுத்த இடி. டிரெசர் நிபந்தனைகளை அடுக்கும்போது தங்கராஜு எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தான். வேடிக்கை பார்க்க ஒரு குஞ்சுகூட வரக்கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. வேடிக்கை பார்க்க யாரும் வரக்கூடாது என்றால் திலகமும் வர முடியாது. எழுந்து மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

“ஐயா, பந்துல அம்மை ஒட்டாதா?”

டிரெசர் யோசித்தார். “அட, ஆமா. அதை நான் நெனைக்கவே இல்லியே.”

“கோட்டைத் தாண்டுற பந்தை மஞ்சத்தண்ணியில வேப்பிலை போட்டுக் கழுவிட்டுத்தான் உள்ள போடணும்யா. தோட்டத்துக்கு ஒரு ஆளு நிக்கணும். பொம்பளைங்க செஞ்சாத்தான் சுத்தமா இருக்கும்.”

“ரெட்டப்பாலத்துலேருந்து ஒரு பொம்பளை வரட்டும், சரி. நம்ம பக்கம் யாரு?”

“நான்யா.”

“நீ பொம்பளையா?”

“நான் செயலாளர்யா.”

டிரெசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. ஆனா ரெண்டு பேரும் கிட்ட கிட்ட நிக்கக்கூடாது. நீ இந்தக் கோடு, அவங்க எதிர்க்கோடு. நடுவுல மைதானம். ஒருத்தர் பக்கம் இன்னொருத்தர் போனா ஆட்டத்தை அப்படியே நிறுத்திருவேன்.”

எட்டு வருஷமாக இருபது அடி தூரத்தில் நின்றவள் இனி எழுபது கஜம் தள்ளி நிற்பாள். தங்கராஜு அதற்கும் தலையாட்டிவிட்டு ரெட்டப்பாலத்து டீமுக்குக் கடிதம் எழுதினான். பெயரைக் குறிப்பிட்டால் வம்பு. அதனால் சுற்றி வளைத்தான். ‘பந்து கழுவ ஒரு பெண்மணியை அனுப்பவும். கடலை விற்ற அனுபவம் உள்ளவராயின் நலம்.’

மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘வருகிறோம். கட்டாயம் வருகிறோம்.’

வேப்பிலைக்கு வழி? இந்தக் குளிரில் வேம்பு முளைக்காது. மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்துதான் வரவேண்டும். வீட்டு வாசல்களில் இருப்பதைத் தொட்டால் தாய்மார்கள் கையை ஒடித்துவிடுவார்கள். திரிங்காப்பிலிருந்து தாப்பாவுக்கு முட்டைக்கோஸ் இறக்கப் போகும் சின்னையாவிடம் இரண்டு கட்டு கேட்டான்.

சின்னையா தாராள மனசுக்காரர். திரும்பும்போது லோரி சும்மாதானே வருகிறது என்று இரண்டு மரத்தை மொட்டையடித்து, லோரி நிறையப் பச்சையாக அள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“என்னண்ணே இது! ரெண்டு கட்டுதான கேட்டேன்?”

“இருக்கட்டும்லா. ரெட்டப்பாலத்து வாசல்ல நிறுத்தி டீ குடிச்சேன். ‘இம்புட்டு வேப்பிலையா, எத்தனை பேருக்குப்பா அம்மை?’ன்னு காவலுக்கு நிக்கிற ஜாகா கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்கென்ன தெரியும்? தோட்டம் பூரா இருக்கும்னேன்.”

தங்கராஜு தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் உட்கார்ந்தபடியே இரண்டாம் கடிதம் எழுதினான். ‘வேப்பிலைதான் அதிகம். அம்மை குறைவு.’

அதற்கும் பதில் வந்தது. ‘வேப்பிலை எவ்வளவு இருந்தாலும் வருகிறோம்.’

“போன வருஷம் கிண்ணம் ஜெயிச்சவங்கன்னா சும்மாவா? எதுக்கும் அசைய மாட்டேங்கிறாங்க” என்றான் தங்கராஜு.

“நீ அசையாம இருந்தா சரி” என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை. மைதானத்தைச் சுற்றி ஈ காக்கை இல்லை. ஆனால் மைதானத்துக்கு மேலே இருந்த மலையில், யாரும் கூப்பிடாமலே, அறுபது பெண்கள் கூடை கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க வந்திருந்தார்கள். ஆளுக்கொரு தேயிலை நிரையில் தள்ளித் தள்ளி நின்றதால் டிரெசரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. லீவு நாளில் இத்தனை கைகளைப் பார்த்த துரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மணி நேரமாகியும் ஒரு கூடையிலும் அடி நிறையவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

ரெட்டப்பாலத்து லோரி வந்தது. ஆட்டக்காரர்கள் குதித்தார்கள். எட்டு வருஷமாக அந்த டீமில் ஒரு முகத்தையும் தங்கராஜு கவனித்ததே இல்லை. கடைசியாகப் பந்து கழுவ ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பேசின் இறங்கியது. அதற்குப் பின்னால் திலகம் இறங்கினாள்.

இரண்டு மாசம் ஆகியிருந்தது அவளைப் பார்த்து. கொஞ்சம் மெலிந்திருந்தாள். தங்கராஜு கையை உயர்த்தினான். டிரெசர் தொண்டையைச் செருமினார். உயர்த்திய கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

அவள் எதிர்க்கோட்டுக்குப் போய் பேசினை இறக்கிவைத்து நின்றாள்.

நடுவர் விசில் ஊதினார். பழனியப்பன் பல்செட்டைக் கழற்றி வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு ஓங்கி ஒரு உதை விட்டார். பந்து நேராகக் கோட்டைத் தாண்டித் திலகத்தின் காலடியில் விழுந்தது. அவள் அதைப் பேசினில் முக்கி, குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுவதுபோல் நிதானமாகக் கழுவி உள்ளே போட்டாள். ரெட்டப்பாலத்துக்காரன் ஒருவன் உதைத்தான். அது இந்தப் பக்கம் கோட்டைத் தாண்டித் தங்கராஜுவிடம் வந்தது.

பந்து இன்னும் ஈரமாக இருந்தது. மஞ்சள் வாசனை வந்தது. அவள் கையிலிருந்து இப்போதுதான் வந்த ஈரம். தங்கராஜுவுக்கு அதைத் தன் பேசினில் போட மனசு வரவில்லை.

“கழுவுடா!” என்றார் டிரெசர்.

கழுவினான்.

அப்படியேதான் ஆட்டம் முழுக்க நடந்தது. எந்தப் பக்கமும் பந்தைக் கோட்டுக்குள் வைத்திருக்கத் தெரிந்த ஆள் இல்லை. அவளிடம் போகும், இவனிடம் வரும். நனைந்து நனைந்து பூசணிக்காய் கனம் கனத்தது. ரெட்டப்பாலத்துக் கோல்கீப்பர், நெட்டையான ஆள், பந்து வந்தபோதெல்லாம் கோழி பிடிப்பதுபோல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினார். ஆனாலும் கோல் விழவில்லை. ஒத்தக்கடையில் எவனும் கோல் பக்கம் உதைத்தால்தானே!

மலையிலிருந்து ஒரு குரல் வந்தது. “பழனியப்பண்ணே! மேளத்தை அடிக்கிற மாதிரி அடிங்கண்ணே, பந்து பயப்படட்டும்!”

அறுபது கூடைகளும் குலுங்கின.

தங்கராஜு கூனிக் குறுகிப்போனான். போன வருஷம் ஆறு கோல் போட்ட டீம், வேண்டுமென்றே கோல் போடாமல் தன் தோட்டத்தைக் கேலி செய்கிறது என்று தோன்றியது. அதைவிடக் கொடுமை, திலகம் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. பந்து எங்கே இருந்தாலும் அவள் கண் நேரே இந்தக் கோட்டின் பக்கமே நின்றது. ஆட்டத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று நினைத்தான். பந்துக்காகவே உயிரை வைத்திருக்கிற பொம்பளைக்கு, கடைசியாகப் பார்க்கக் கிடைத்த ஆட்டம் இதுவா?

இடைவேளையில் பனி இறங்கியது. எதிர்க்கோடு மறைந்தது. லோரி மறைந்தது. மஞ்சள் பேசின் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, பக்கத்தில் ஒரு நிழல். ‘திலகம்’ என்று ஒரு சத்தம் போட்டால் கேட்டுவிடும் தூரம்தான். வாயைத் திறந்தான். எட்டு வருஷமாகத் தேதி மட்டும் சொல்லிப் பழகிய வாய். இன்று சொல்வதற்குத் தேதியும் இல்லை. மூடிக்கொண்டான்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யத்தில் கடைசி விசில் ஒலித்தது. கிண்ணத்தை யாருக்குக் கொடுப்பது என்று நடுவர் முழித்தார். ரெட்டப்பாலத்து லோரி உறுமத் தொடங்கியது. டிரெசர் கம்பை நீட்டிக்கொண்டு இரண்டு தோட்டத்தாரையும் பிரித்துப் பிரித்து விரட்டினார்.

கை கழுவ வேண்டுமென்று சொல்லி அந்த நெட்டைக் கோல்கீப்பர் மட்டும் தங்கராஜுவின் பேசினுக்கு வந்தார்.

“ஒண்ணு கேக்கலாமாண்ணே? இப்ப யாரு ஜெயிச்சா?”

தங்கராஜுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னய்யா கிண்டலா? போன வருஷம் கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போனவங்க நீங்க. இன்னிக்கு வேணும்னே கோட்டுக்கு வெளிய வெளிய ஒதைச்சு எங்களை அசிங்கப்படுத்திட்டீங்க. பாவம், உங்க தோட்டத்துத் திலகம்! ஆசையா மேட்ச் பாக்க வந்துச்சு. அது மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

நெட்டை ஆள் கையை உதறிவிட்டு அவனை விசித்திரமாகப் பார்த்தார்.

“நீங்க வேறண்ணே, எங்க டீம்காரனுங்க ‘அம்மை போட்ட தோட்டத்துக்கு வரமாட்டோம்’னு அன்னிக்கே சொல்லிட்டானுங்க, அந்தத் திலகந்தான் லைன் லைனா ஏறி எறங்கி, ஃபேக்டரியில விறகு போடுற எங்களையெல்லாம் கெஞ்சிக் கூட்டியாந்துச்சு. பந்தைக் கால்ல ஒதைக்கணுமா கையில புடிக்கணுமான்னு கேட்டா, ‘எனக்கும் தெரியாதுண்ணே, நடுவுல முடிச்சிராம முழுசா தொண்ணூறு நிமிஷம் ஓடுங்க, அது போதும்’னுச்சு!”