சேருமுன் படிக்க வேண்டிய இருபத்திரண்டு பக்கங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. ரவிக்குமார் இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான். உட்கார்ந்துகொண்டு சொல்கிற மாதிரியான சங்கதி இல்லை அது.

"அம்மணி, நான் காலேஜ் சேந்துட்டேன்."

அன்புச்செல்வி சட்னிக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எந்தக் காலேஜுங்க? கேண்டீனா, வாட்ச்மேனா?"

"படிக்கறதுக்கு!"

"யாரு?"

"நான்தான். ஆன்லைன் காலேஜ். நாலு மாச டிப்ளமோ. ஸ்டோர்ஸ் மேனேஜ்மென்ட்." நெஞ்சை நிமிர்த்தினான். "ஆன்லைன். பேர்லயே ஆண் இருக்குது பாரு."

"லைனும் இருக்குதுங்க. ரேஷன் கடையில. பையை எடுங்க."

"அதெல்லாம் இனி முடியாது அம்மணி. ஞாயித்துக்கிழமை எனக்குக் கிளாஸ்."

திட்டம் முழுக்க அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே ரவிக்குமார் பதினெட்டு வருடமாக ஸ்டோர்ஸ் உதவியாளன். அன்புச்செல்வி அதே கம்பெனியில் பதினொரு வருடமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறாள். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் அடுத்த தை மாதம் ஓய்வு பெறப்போகிறார். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்: இந்த டிப்ளமோ முடித்த நம் ஆள் யாராவது இருந்தால் அவருக்கே அந்த நாற்காலி, இல்லையென்றால் வெளியாள். பதினெட்டு வருடம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றே பழகியவனுக்கு, அதில் வேறொருத்தன் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

ஆகவே சேர்ந்தான். சேரும்போது இன்னொரு லாபமும் கண்ணில் பட்டது. வாத்தியாரம்மா போனுக்குள்ளே, மாணவன் கட்டிலுக்கு மேலே. நாலு மாதத்துக்கு ரேஷன் கடை இல்லை, சிலிண்டர் தூக்க வேண்டாம், மதுக்கரையில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டாம். ஊருக்கு அது படிப்பு. அவனுக்கு மட்டும் படுப்பு.

சேருகிற பக்கத்தில் இருபத்திரண்டு பக்கக் கையேடு ஒன்று இருந்தது. 'சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை' என்று தலைப்பு. அடியில் ஒரு சின்னக் கட்டம்: 'படித்தேன், புரிந்துகொண்டேன்.' ரவிக்குமார் நேராகக் கட்டத்துக்குப் போய் டிக் அடித்தான். கல்யாணப் பத்திரிகையைக் கூடப் படிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. ஒருதடவை தப்பான மண்டபத்துக்குப் போய், மூன்றாவது பந்தி வரை சாப்பிட்டு, மொய் எழுதுகிற இடத்தில்தான் சந்தேகமே வந்தது.

முதல் வகுப்பு. வாத்தியாரம்மா "வணக்கம்" என்றார். ரவிக்குமார் திருப்பி வணக்கம் சொன்னான். "முதல் பாடம்" என்றார். குறட்டை.

விழித்துப் பார்த்தால் திரையில் ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது: 'நீங்கள் இருக்கிறீர்களா?' பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படிக் கேட்குமாம். 'ஆம்' என்று அமுத்தாவிட்டால் பார்த்த நேரம் கணக்கில் ஏறாதாம். வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஏறியாக வேண்டுமாம். இதெல்லாம் கையேட்டில் ஐந்தாம் பக்கம்.

எதிர்வீட்டு முஜீப்பிடம் ஓடினான். முஜீப் செல்போன் ரிப்பேர் கடைக்காரர். போனைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். வீட்டில் மனைவி ரம்லா சொல்கிற நேரத்துக்கு மட்டுமே வாயைத் திறப்பவர்.

"ஏனுங்க பாய், இப்புடித் தூங்க உடாம நோண்டுது?"

"யாராவது அமுத்துனாச் சரிங்க ரவி. விரல் யாருதுன்னு போனுக்கு என்ன தெரியும்?"

விரல் சமையலறையில் இருந்தது. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

"அம்மணி, இதைச் சித்தெ பாத்துக்க. இருக்கறீங்களான்னு கேக்கும். ஆமான்னு அமுத்து."

"நீங்க இங்க இல்லைங்களே?"

"பேருக்கு இருக்கறேன்."

"அது பதினாறு வருசமா அப்படித்தானுங்க. சரி, நடுவுல கேள்வி வந்தா?"

"எதையாச்சும் அமுத்திப்போடு."

போனைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வைத்துவிட்டு அவன் படிக்கப் போனான், அதாவது படுக்க.

அன்புச்செல்வி எதையாச்சும் அமுத்தவில்லை. காது சும்மாதானே இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தாள். முதலில் வந்த சரக்கை முதலில் வெளியே அனுப்பு என்றார் வாத்தியாரம்மா. 'தயிர் பாக்கெட்டுக்கு நான் செய்யறதுதானே' என்று நினைத்துக்கொண்டாள். தீர்ந்த பிறகு வாங்காதே, தீரப்போகும்போதே வாங்கு என்றார். 'பருப்பு டப்பா.' அடுத்தது டெட் ஸ்டாக். வருடக்கணக்காக இடத்தை அடைத்துக்கொண்டு, எதற்கும் உதவாமல் கிடக்கிற சரக்கு. அன்புச்செல்வி கதவு வழியாகக் கட்டிலை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பாடத்தில் வந்த ஐந்து கேள்விக்கும் ஐந்தும் சரி.

அன்று சாயங்காலம் அந்த இருபத்திரண்டு பக்கத்தையும் உட்கார்ந்து படித்தாள்.

"ஏனுங்க, இந்தக் கையேட்டைப் படிச்சீங்களா? நொம்ப முக்கியமாட்ட இருக்குதுங்க."

"அதெல்லாம் பயந்தவங்க படிக்கறது அம்மணி. நான் நேரா எறங்கிடற ஆளு."

"சரிங்க," என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்று மாதம் அருமையாகப் போயிற்று. அவனுக்கு முதுகு அகலமாயிற்று. அவளுக்கு எதற்கோ ஒரு நோட்டுப் புத்தகம் தேவைப்பட்டது. பால் கணக்குக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பாடநடுவில் வந்த கேள்விகளின் மதிப்பெண் வந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தேழு! ரவிக்குமார் அதைக் கம்பெனி வாட்ஸப் குழுவில் போட்டான். டீக்கடையில் காட்டினான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டினான். ஓய்வு பெறப்போகிற இன்சார்ஜின் நாற்காலியில், அவர் சாப்பிடப் போன நேரம், ஒருதடவை உட்கார்ந்தும் பார்த்தான். சுழல்கிற நாற்காலி. ஒரு சுற்று சுற்றினான்.

பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. இறுதித் தேர்வு, ஞாயிறு பதினோரு மணி, நாற்பது கேள்வி. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் லேப்டாப் கேமரா திறந்திருக்க வேண்டும், பிராக்டர் என்ற கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். ரவிக்குமார் முஜீப் கடைக்கு ஓடினான்.

"பிராக்டர்னா என்னங்க ரவி? டிராக்டர் மாதிரியா?" என்றார் முஜீப்.

"அதேதானுங்க பாய். அது ஏறுனா நான் உழுத காடு."

கடையிலிருந்த ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவி முன்னால் உட்கார்ந்தான்.

"அம்மணி, நீ கட்டிலுக்கு அடியில படுத்துக்கோ. நான் கேள்வியை முணுமுணுன்னு படிப்பேன். நீ பதிலைச் சொல்லிப்போடு."

"கையேடு பதினாலாம் பக்கமுங்க. கட்டிலுக்கு அடியில கேமராவைக் காட்டச் சொல்லுவாங்க."

"அய்யோ! அப்ப?"

"நல்லாப் படிச்சு எழுதுங்க. இன்னும் பத்து நாள் இருக்குது. நான் வேணும்னாச் சொல்லித் தாரேன்."

"பத்து நாள்ல நாலு மாசத்தை எப்படிப் படிக்கறது?" யோசித்தான். முகம் மலர்ந்தது. "நீ சமையக்கட்டுல நின்னுக்க. சுவத்துல தட்டு. ஒரு தட்டு தட்டுனா முதல் பதில். ரெண்டு தட்டுனா ரெண்டாவது. எப்படி?"

அன்புச்செல்வி அடுப்பைப் பார்க்க எழுந்தாள். "என்னமோ பண்ணுங்க," என்றாள்.

அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

தேர்வு நாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் ஒரு இளம்பெண். குரலில் கண்டிப்பு.

"சார், ரூமை ஒரு சுத்துக் காட்டுங்க. கட்டிலுக்கு அடியிலயும்."

ரவிக்குமார் புன்னகையோடு காட்டினான். வெங்காய மூட்டை ஒன்று, பழைய மின்விசிறி ஒன்று. எம் பொண்டாட்டிக்கு என்ன மூளை என்று பெருமையாக இருந்தது.

முதல் கேள்வி வந்தது. வாயைத் திறந்தான்.

"சார், சத்தமாப் படிக்கக் கூடாதுங்க."

போச்சு! சத்தம் போடாவிட்டால் அவளுக்கு எப்படிக் கேட்கும்? அப்போதுதான் வந்தது அந்த ஒலி. டொக். டொக். டொக்.

மூன்று! மூன்றாவது பதிலை அமுத்தினான். படிக்காமலே பதில் வருகிறதே, கேள்வியை எப்படிக் கண்டுபிடித்தாள்? அடுத்த கேள்வி. டொக். ஒன்று! அதற்கடுத்து டொக், டொக். ரெண்டு! எட்டு கேள்வி எண்ணெய் போட்ட மாதிரி ஓடின. கேள்விகளைப் படிப்பதையே நிறுத்திவிட்டான். பதில் வந்துகொண்டிருக்கும்போது கேள்வி எதற்கு?

ஒன்பதாவது கேள்விக்கு ஏழு தட்டு.

இருப்பதே நாலு பதில். ஏழாவது எங்கே இருக்கிறது? நாலைக் கழித்து மூன்று என்று வைத்துக்கொண்டான். பத்தாவதுக்குப் பதினேழு. விரல்விட்டு எண்ணினான். பதினொன்றாவதுக்கு நிற்காமல் இடி விழுந்தது. "மெதுவா! மெதுவா!" என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டான்.

"சார், யார்கிட்டப் பேசறீங்க?"

"எனக்கு நானே சொல்லிக்கறேனுங்க. அவசரப்படாதேன்னு."

பிறகு ஒலி அடியோடு நின்றுவிட்டது. மிச்சம் இருபத்தொன்பது கேள்வி. ரவிக்குமார் மருதமலை முருகனை நினைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ரெண்டாவது பதில் போட்டான்.

வெளியே வந்தால் சமையலறை காலி. அடுப்பு ஆறிக் கிடந்தது. மாடி வீட்டுப் பழனியாத்தாள் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு கிண்ணம்.

"ஏன் கண்ணு, இஞ்சி பூண்டு இடிச்சேன், எச்சாயிருச்சு. அன்பு வந்தாக் குடுத்துரு."

ரவிக்குமார் கிண்ணத்தைப் பார்த்தான். மாடியைப் பார்த்தான். "உரல்லயா இடிச்சீங்க?"

"பின்ன? மிக்ஸி ரிப்பேரு. கறி எடுத்திருக்குதுல்ல, அதான் கால் மணி நேரமா இடி இடின்னு."

அவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அன்புச்செல்வி வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலை. கையில் ஆதார் அட்டை. பின்னால் ரம்லா. அவளுக்கும் பின்னால், தரையைப் பார்த்தபடி முஜீப்.

"நீ எங்க போயிருந்தே?"

"பரீட்சை எழுதப் போயிருந்தனுங்க. ரம்லா அக்கா ஊட்டுக் கம்ப்யூட்டர்ல."

"பரீட்சையா? உனக்கு எப்படி?"

"கையேடு மூணாம் பக்கமுங்க. பாடம் ஆரம்பிச்சு ரெண்டு வாரம் வரைக்கும் யார் வேணும்னாலும் சேரலாம். உங்குளுது ஓடி முடிஞ்சதும் என்னுதைப் போட்டு மறுக்கா கேட்டேன். ரெண்டு தடவை கேட்டா நல்லாப் புரியுதுங்க."

"பாய், உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க ரவி." முஜீப் ரம்லாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சொல்ற நேரம் இன்னும் வரலீங்க."

ரவிக்குமாருக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வந்தது. ஆனால் அன்புச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினொரு வருசமாக் கம்பி சுத்தறனுங்க. கண்ணு பூத்துப்போச்சு. நீங்க அந்த நாற்காலிக்கு ஆசப்பட்டாப்பல எனக்கும் ஒரு ஆச. பத்து நாள் முன்னாடி சொல்லித் தாரேன்னனே, அப்ப உக்காந்திருந்தா ரெண்டு பேரும் எழுதியிருக்கலாம்."

வந்த கோபம் போகிற வழி தெரியாமல் நின்றது. கிண்ணத்தை அவளிடம் நீட்டினான்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. நூற்றுக்கு அவளுக்குத் தொண்ணூற்றொன்று. அவனுக்குப் பாதி மதிப்பெண் அவள் விரலால் வந்தது. இறுதித் தேர்வின் மீதி ஐம்பதில் உரலால் வந்தது ஒன்பது. இறுதித் தேர்வில் தனியாகத் தேறினால்தான் டிப்ளமோ என்று கையேட்டில் பத்தொன்பதாம் பக்கம் சொல்லியிருந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'மாணவர் தேர்வின்போது சுவருடன் வாக்குவாதம் செய்தார்.'

தை பிறந்தது. முதல் திங்கட்கிழமை ஸ்டோர்ஸில் அன்புச்செல்வி பதிவேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். கம்பி சுற்றுகிற வைண்டிங் பெண்கள், லோடுமேன்கள், லாரி டிரைவர் என்று பதினாலு பேர் ஏதோ வேலையாக வந்த மாதிரி அங்கங்கே நின்றார்கள்.

அவள் தலை நிமிர்ந்தாள். "மேட்டுப்பாளையம் லோடு பன்னண்டு மணிக்குங்க. அதுக்குள்ள நாப்பது பம்பையும் எண்ணி வெச்சுருங்க."

ரவிக்குமார் கொங்கு நாட்டில் பிறந்தவன். கண்டக்டருக்கு 'ங்க' போட்டவன், பால்காரருக்குப் போட்டவன், தன் வண்டியை இடித்துத் தள்ளிய லாரிக்காரனுக்கும் போட்டவன். தெருநாயைக் கூட 'அக்கட்டப் போங்க' என்றுதான் விரட்டுவான். கட்டின மனைவிக்கு மட்டும் பதினாறு வருடத்தில் ஒன்றுகூடச் செலவழித்ததில்லை. பதினாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தார்கள்.

"சரிங்க," என்றான்.