நாய்க்கோட்டு நங்கையின் இருகடைப் போர்

வாழ்க, நாற்கால் வேந்தர்களின் முதுகு நனையாமல் காக்கவென்றே பிறந்த நங்கை! வாழ்க, ஆயிரம் முறை ஊசி பாய்ந்தும் புறங்காட்டாத அவளது இடக்கைப் பெருவிரல்! சீருடைத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் சட்டையின் இடப்பக்கப் பாக்கெட்டை மட்டுமே தைத்து, வலப்பக்கம் என்றொரு திசை உண்டென்பதையே மறந்திருந்த அவ்வீராங்கனை, ஒரு கோடைக் காலையில் வேலையை உதறி வந்து, சாப்பாட்டு மேசைமேல் தன் தையல் இயந்திரத்தை அரியணையேற்றி, குடும்பத்தார் கேட்க உரைத்த வஞ்சினம் இது:

"மழைக்காலம் வர்றதுக்குள்ள என் கோட்டு விக்கணும். இல்லன்னா திரும்பவும் பாக்கெட் தைக்கப் போயிடுறேன்."

அவள் தைத்தவை நாய்களுக்கான மழைக்கோட்டுகள். நீர்புகாத் துணியில், வயிற்றுக்குக் குறுக்கே வாரிட்டு, கழுத்துப்பட்டையின் உட்புறம் அந்தந்த நாயின் பெயரை நூலால் பொறித்துத் தரும் கவசங்கள். ஐந்து அளவுகளில் நாற்பது கோட்டுகள் நாற்காலி முதுகுகளிலும் கதவுக் கொக்கிகளிலும் படைவீரர்போல் அணிவகுத்து நின்றன. எங்கே விற்பது என்ற கேள்வி எழுந்தவுடன்தான் அவ்வீட்டில் போர் மூண்டது.

ஒரு பக்கம் கணவன். பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கும் அவன், கோடானுகோடி மக்கள் விரலால் நடந்து திரியும் ஆன்லைன் பெருஞ்சந்தையின் பக்கம் கொடி நாட்டினான். "ஆளு நிக்கிற எடத்துலதான் பஸ்ஸ நிறுத்தணும்" என்பது அவன் முழக்கம். மறுபக்கம் நங்கையின் தங்கை. பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் அவள், சொந்தமாக ஒரு வெப்சைட் எழுப்பித் தருவதாக லேப்டாப்பைக் கேடயம்போல் மார்போடு அணைத்து நின்று அறைகூவினாள்:

"அங்க ஏற்கெனவே ஐந்நூறு நாய்க்கோட்டு இருக்குக்கா. நீ ஐந்நூத்தி ஒண்ணு. உன் கடைல நீ மட்டும்தான்."

தன் பெயரில் ஒரு வாசல் என்ற ஆசை நங்கையின் நெஞ்சில் தீயெனப் பற்ற, வெற்றி தங்கையின் பக்கம் சாய்ந்தது.

கடைக்குப் படம் வேண்டுமே! கீழ்வீட்டுப் பல் மருத்துவரின் நாய், தளபதி என்று பெயர் பெற்ற தடித்த பிராணி, அழைத்து வரப்பட்டது. அதன் நான்கு கால்களையும் நான்கு துளைகளில் நுழைக்க நிகழ்ந்த சமரை எப்படிச் சொல்வேன்! முன்னங்கால் நுழைந்தால் பின்னங்கால் வெளியேறிற்று. பின்னங்காலைப் பிடித்தால் தலை கால்துளைக்குள் போயிற்று. சோபா கவிழ்ந்தது, தங்கையின் கண்ணாடி பறந்தது, கணவன் மேசைமேல் ஏறி நடுநிலை காத்தான். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த எழுபது படங்களில் தெளிவாக விழுந்தது ஒன்றே. அதிலும் வாலின் பக்கம்தான் தெரிந்தது. அதையே முகப்பில் ஏற்றிக் கடை திறந்தார்கள்.

திறந்த கடைக்கு ஆள் வரவில்லை. ஒருவர் உள்ளே நுழைந்தால் லேப்டாப் 'டிங்' என்று ஒலிக்கும்படி தங்கை செய்திருந்தாள். பதினொரு நாட்களில் அது நாற்பது முறை ஒலித்தது. நாற்பது முறையும் நங்கை இயந்திரத்தை விட்டுப் பாய்ந்து வந்தாள். விசாரித்ததில் பெரும்பகுதி, பணிமனையிலிருந்து கணவன் தன் போனில் எட்டிப் பார்த்தது. மீதி, 'உங்கள் கடையை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்' என்று ஓலை விடுக்கும் முகமற்ற நிறுவனங்கள். எதிரணியில் இருந்தவன் தோற்ற கடையைத் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனான் என்பதை அறிந்தபோது, அவன்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை.

மேகங்கள் கூடத் தொடங்கின. நங்கை பெருஞ்சந்தையின் கோட்டை வாயிலில் போய் நின்றாள். அங்கே விதிகள் முள்வேலியெனச் சூழ்ந்திருந்தன: படத்தின் பின்புலம் வெள்ளையாக இருக்க வேண்டும், பொதிக்குள் சொந்தக் கடையின் பெயர்ச்சீட்டு வைக்கக் கூடாது, ஒவ்வொரு கோட்டும் மற்றொன்றைப் போலவே இருக்க வேண்டும், ஆகவே பெயர் பொறிக்கக் கூடாது. பல்லைக் கடித்து, பெயருக்குக் காத்திருந்த கழுத்துப்பட்டைகளை வெறுமையாகவே விட்டு, பெயரற்ற கோட்டுகளை அனுப்பினாள். பன்னிரண்டே நாளில் இருபத்தாறு விற்றன. கணவன் வெற்றிக்களிப்பை அடக்கிக்கொண்டு பொதிகளுக்கு டேப் ஒட்டினான்.

முதல் தூறல் விழுந்த மாலை, பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நங்கை, தெருவின் எதிர்ச் சாரியில் ஒரு நாய் தான் தைத்த கோட்டை அணிந்து நடந்துவருவதைக் கண்டாள். தன் படை உலாப் போகக் காணும் அரசியைப்போல் நெஞ்சு விம்ம, செருப்பும் போடாமல் இரண்டு மாடி இறங்கி ஓடினாள். வாரை வயிற்றுக்குக் குறுக்கே கட்டாமல் கழுத்தில் சுற்றியிருந்தார் நாயின் உரிமையாளர். கோட்டு நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கியது, தைத்தது யாரென்று அவள் கேட்டாள். பெருஞ்சந்தையின் பெயரைச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்:

"தச்சது யாருன்னு யாரு பாக்குறா?"

நங்கை குனிந்து வாரை அவிழ்த்து, வயிற்றுக்குக் குறுக்கே சரியாக மாட்டிவிட்டு, நனைந்தபடி மேலேறி வந்தாள். அவள் விட்டுப்போன துணிகளை, உலர்ந்தது பாதி நனைந்தது பாதியாக அள்ளிக்கொண்டு கணவன் நின்றிருந்தான். தங்கை தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இருவரையும் நோக்கி, இடி முழங்கியதா அவள் முழங்கினாளா என்று பிரித்தறிய முடியாதபடி தீர்ப்பு பிறந்தது:

"கூட்டத்துக்கு அங்க விக்கலாம். பேரோட கேக்கிறவங்களுக்கு நம்ம கடை. ஒரு ஆளுதான் வந்தாலும் அது தொறந்தே இருக்கும்."

தன் கட்சிதான் வென்றது என்று கணவனும் தங்கையும் தனித்தனியே மகிழ்ந்தார்கள். நங்கை அன்றே தளபதிக்கு மறுபடியும் கோட்டணிவித்து, முகம் தெரியும் படமொன்றைப் பிடித்துவிட்டே ஓய்ந்தாள். அதற்கு மூன்று பிஸ்கட் பொட்டலங்கள் போர்ச்செலவாயின.

அதன்பின் ஒன்பதாம் நாள் மழை கொட்டும் நண்பகலில் லேப்டாப் ஒலித்தது. கணவன் எதிரே அமர்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான், ஆகவே அவனல்ல. தங்கை அலறிப்புடைத்து எழுந்தாள். நங்கை திரையைத் தொட்டாள். ஆகா, முன்பின் அறியாத ஓர் அந்நியரின் ஆர்டர்! முழுத்தொகையும் செலுத்தி, பொறிக்க வேண்டிய பெயரும் குறித்து, பெருஞ்சந்தையின் கோடிக் கண்களுக்கும் தப்பித் தன் வாசலைத் தேடி வந்த முதல் மனிதர்! மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பற்ற, வெற்றி முரசென நெஞ்சுகள் அதிர, நங்கை அதை உரக்க வாசித்தாள்: பெயர், மகாராணி, எடை, ஏழு கிலோ, இனம், பூனை.

அவர்களிடம் பூனை அளவு இல்லை.