நடக்கப் போகிறவர்

நடக்கப் போகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நடக்கிறவரோடு இவரைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நடக்கிறவர் செருப்பை மாட்டுவார், கதவைச் சாத்துவார், போய்விடுவார். அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது. நடக்கப் போகிறவர் அப்படியல்ல. கால்களைப் பார்த்து அவரை அடையாளம் காண முடியாது, கால்கள் எல்லாருக்கும் இருப்பதுபோல்தான் இருக்கும். சட்டைப் பையைப் பாருங்கள். நாலாக மடித்த ஒரு பட்டியல் எட்டிப் பார்க்கும். அதுதான் அவர்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். திருவனந்தபுரத்தில் எங்கள் ஆபீசில் இருந்தவர் பெயர் சாம்பசிவன். சூப்பிரண்டு. வீடு கரமனை அக்ரஹாரத்தில். அந்த ஆபீசில் மேஜை மேஜையாகச் சாயா கொண்டுபோய் வைப்பது என் வேலை. சாயா வைக்கிறவள் முன்னால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒரு சேவா சங்கத்தார், கிறிஸ்துமஸ் லீவில் ம்யூசியம் வாசலிலிருந்து பொன்முடி உச்சிவரை மூன்று நாள் நடப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். மலையில் ஓர் எஸ்டேட்டின் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருக்கிற ஜனங்களுக்குப் பழைய ஜீப் ஒன்று வாங்கிக் கொடுப்பதற்காக. நடக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஷீட் கொடுத்தார்கள். தெரிந்தவர்கள் அதில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் உச்சியைத் தொட்டால் பணம், தொடாவிட்டால் இல்லை.

அந்த லயத்தில்தான் என் அக்கா பேச்சி இருக்கிறாள். முந்திய வருஷம் அவளுக்கு வலி எடுத்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது. நாற்காலியில் கம்பு கட்டி நான்கு பேர் சுமந்து இறங்கினார்கள். பிள்ளை ஆஸ்பத்திரிவரை பொறுக்கவில்லை, பத்தாவது கொண்டை ஊசி வளைவிலேயே பிறந்துவிட்டது. அவனுக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆனாலும் லயத்தில் எல்லாரும் கூப்பிடுவது 'பத்து' என்றுதான். அடுத்தது பங்குனியில். பேச்சி ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள்: "ஜீப்பு வருமா வராதான்னு கேட்டுச் சொல்லுட்டி. வராதுன்னா எந்த வளைவுன்னு இப்பமே பாத்து வைக்கணும்."

எங்கள் ஆபீசில் முதலில் பெயர் கொடுத்தவர் சாம்பசிவன் சார்.

"பாதி மலையை ஆத்துலேயே ஏறிடணும், கேட்டேளா" என்பது அவர் வாக்கு. மூன்று மாதம் வீட்டிலேயே ஏறினார். சபரிமலைக்குப் பதினெட்டு தடவை போனவரைத் தேடிப் போய் மூச்சு விடுவது எப்படி என்று கேட்டுக்கொண்டார், மழைக்கோட்டைப் போட்டுக் குளியலறையில் நின்று, மனைவி சூடாமணி மாமியை ஒரு வாளித் தண்ணீர் தலையில் ஊற்றச் சொல்லிச் சோதித்தார், இடது காலில் கம்பளிச் சாக்ஸும் வலது காலில் பருத்திச் சாக்ஸும் மாட்டிக்கொண்டு எது அதிகம் வேர்க்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், பாரம் குறைய வேண்டும் என்று பல்துலக்கும் பிரஷின் பிடியைப் பாதியாக அறுத்தார், அறுத்த கையோடு ஒரு பித்தளைக் கூஜாவைப் பைக்குள் வைத்தார், அட்டைப்பூச்சிக்கு ஏழு வைத்தியம் சேகரித்தார். டிசம்பரில் அட்டை ஏது? அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பொன்முடிக்கு இருப்பது ஒரே ரோடு, பஸ் போகிற தார் ரோடு. அதற்கு மூன்று கலரில் வரைபடம் போட்டார்.

நடந்தாரா என்று கேட்கிறீர்களா? நடந்து பார்ப்பதற்காக ஒருநாள் விடியற்காலையில் ம்யூசியத்துக்குப் போனார். ஆட்டோவில். ஆட்டோவை வெயிட்டிங்கில் போட்டுவிட்டு உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினார். மீட்டர் ஓடுகிற நினைப்பில் இரண்டாவது சுற்று வரவில்லை. புதுப் பை முதுகில் சரியாக உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. பையில் பத்துக் கிலோ அரிசியைக் கொட்டி, மாமி முதுகில் மாட்டி, தெருக்கோடிவரை போய்வரச் சொல்லிவிட்டு வாசலில் நின்று கடிகாரம் பார்த்தார்.

"பன்னிரண்டு நிமிஷம். மோசமில்லை" என்று தன் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார்.

இனி ஷீட்டுக்கு வருவோம். மற்ற ஆபீஸ்களில் நடக்கப் பெயர் கொடுத்தவர்களுக்குக் கால் ரூபாய் எழுதினார்கள், அரை ரூபாய் எழுதினார்கள். எங்கள் ஆபீசில் முதல் கையெழுத்தைப் போட்டவர் அக்கவுண்ட்ஸ் தாணுலிங்கம், நாகர்கோவில்காரர்.

"கிலோமீட்டருக்கு முப்பது ரூவா எழுதிக்கிடும் ஓய்!"

சாம்பசிவன் சார் கண் கலங்கிவிட்டார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் குமாஸ்தா ஷிபு கிசுகிசுத்தான்.

"அண்ணாச்சி, முப்பதா? தலைக்கு வட்டு பிடிச்சு போச்சா உங்களுக்கு?"

"லே, அவரு நடந்தாத்தானடே குடுக்கணும்? மாடிக்கே லிப்டுல போற மனுசன். நூறுன்னும் எழுதலாம். தர்மம் பண்ணுன பேரும் வரும், காசு பையிலயும் இருக்கும்."

ஷிபு ஓடிப்போய் இருபத்தைந்து எழுதினான். பத்து நிமிஷத்தில் விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவியது. அன்று எங்கள் ஆபீசில் கர்ணன் இல்லாத மேஜை கிடையாது.

சங்கத்தின் செயலாளர் அந்த ஷீட்டைப் பார்த்து அசந்துபோனார். "சாம்பசிவன் சார் ஒருத்தர் உச்சி தொட்டாப் போதும், ஜீப்பு ஆச்சு. இல்லேன்னா இனி அடுத்த வருஷம்தான்" என்றார். பேச்சியின் ஜீப் சாம்பசிவன் சாரின் இரண்டு காலில் வந்து நின்றது.

டிசம்பர் முதல் தேதி அவர் புது ஷூவோடு ஆபீசுக்கு வந்தார். தாணுலிங்கத்தின் சாயா கிளாஸ் பாதி வழியில் நின்றது. ஆள் நிஜமாகவே நடந்துவிட்டால்? அன்று முதல் அவருடைய தயாரெடுப்பை ஆபீசே ஏற்றுக்கொண்டது.

"சாரே, ஷூ கொள்ளாம் கேட்டோ, நல்ல ஷூ. ஆனா ஊனுகம்பு இல்லாம எப்படி கேறுவது?" என்றான் ஷிபு.

"விசில் வாங்கியாச்சா ஓய்?" என்றார் தாணுலிங்கம். "மூடுமஞ்சுல வழி தப்பிட்டா ஊதாண்டாமா? விசில் இல்லாம மலை ஏறப்பிடாது, சொல்லிட்டேன்."

ஒவ்வொரு குறையையும் அவர் பிரசாதம்போல் இரண்டு கையாலும் வாங்கிப் பட்டியலில் வைத்தார். பட்டியல் இரண்டாம் தாளுக்குப் போயிற்று. இருபத்துமூன்றாம் தேதி எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"இந்த வருஷம் வேண்டாம்னு வெச்சுட்டேன். ப்ரிப்பரேஷன் போறலை. அடுத்த வருஷம் ஃபுல்லா தயாரெடுத்துண்டு போறேன்."

அன்று எல்லாருக்கும் சாயாவோடு தின்னப் பழம்பொரி. தாணுலிங்கம் செலவு. நான்தான் மேஜை மேஜையாகக் கொண்டுபோய் வைத்தேன்.

சாம்பசிவன் சார் பட்டியலை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு கரமனைக்குப் போனேன். சார் வீட்டில் இல்லை. வாசலில் நின்றபடியே பட்டியலை மாமியிடம் கொடுத்துவிட்டுப் பேச்சியைச் சொன்னேன், பத்து பிறந்த கதையைச் சொன்னேன், ஷீட்டில் எழுதியவர்கள் எதை நம்பி எழுதினார்கள் என்பதையும் சொன்னேன். மாமி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பழம்பொரி யாரு வாங்கிக் குடுத்தா?"

"தாணுலிங்கம் சாரு."

"சரி. இவருக்குக் காரியம்னா கால் வராது. ட்ரயல்னா காசிக்கே நடப்பார்" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனாள்.

இருபத்தைந்தாம் தேதி காலையில், நடக்கிறவர்களுக்குச் சாயா போட்டுத் தருவதற்காக நான் சங்கத்தின் வேனில் இருந்தேன். ம்யூசியம் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சாரும் மாமியும் இறங்கினார்கள்.

"நான் நடக்கலை, கேட்டேளா. அடுத்த வருஷத்துக்கு ஒரு ட்ரயல். பேரூர்க்கடை வரைக்கும்தான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சங்கத்தின் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருந்தது; அங்கங்கே முத்திரை குத்தவேண்டிய அவருடைய கார்டை மாமி அவர்களிடம் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பேரூர்க்கடை வந்தது. "மதி, போறும். ட்ரயல் ஆச்சு" என்றார்.

"ஏன்னா, கரகுளத்து ஏத்தம் எப்படீன்னு பாத்து எழுதிக்க வேண்டாமா? அடுத்த வருஷம் ஓர்மை இருக்குமா?"

எழுதிக்கொண்டார். கரகுளம் தாண்டி நெடுமங்காடு வந்தது. வெறும் தரையில் தூக்கம் வருமா என்பதற்கும் ஒரு ட்ரயல் வேண்டாமா? பள்ளிக்கூட வராந்தாவில் குறட்டை விட்டார். மறுநாள் வித்துரா. கொப்புளத்துக்கு எந்த மருந்து நல்லது என்று பார்க்கக் கொப்புளம் வர வேண்டுமே என்று கவலைப்பட்டார், வந்ததும் சந்தோஷப்பட்டார். மூன்று மாதமாகச் சுமந்த பயத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்போல நடந்தார். மாமி ரப்பர் செருப்போடு, ஒரு துணிப்பையோடு, கூடவே வந்தாள். மாமிக்கு யாரும் ஷீட் கொடுத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் மலை ரோடு. லயத்துப் பக்கம் வேனை நிறுத்திச் சாயா போட்டேன். பேச்சி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, ஏறி வருகிற கூட்டத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல எந்த ஆளு ஜீப்பு?"

காட்டினேன். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து ஒரு ஸ்கூட்டர் முக்கிக்கொண்டு வந்தது. முன்னால் ஷிபு, பின்னால் தாணுலிங்கம். யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள்.

"சாரே, எதுக்கு கஷ்டப்படுறீங்க? கேறுங்க, வீட்டுல கொண்டு விடலாம்!"

"ஸ்கூட்டர்லே ஏறினா ட்ரயல் எப்படிடா ஆகும்?"

தாணுலிங்கத்துக்கு வேறு வழி தெரியவில்லை. இறங்கி வந்து ரோட்டின் குறுக்கே நின்று, கைகளை விரித்துக் கத்தினார்.

"ஓய்! இது ட்ரயல் இல்ல ஓய்! இதுதான் ஒரிஜினல்! நீரு உண்மையிலேயே நடந்துக்கிட்டிருக்கீரு!"

சாம்பசிவன் சார் நின்றார். முகம் வெளுத்தது. மாமி இடுப்பில் செருகிய கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பேச்சி என் கையைப் பிடித்தாள். அவர் பட்டியலை எடுத்துப் பிரித்தார், முதல் தாளைப் பார்த்தார், இரண்டாம் தாளைப் பார்த்தார், பிறகு தாணுலிங்கத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்ன ஓய் பேசறீர்? கம்பு இல்லை, டார்ச் இல்லை, விசில்கூட இல்லை. விசில் இல்லாம மலை ஏறப்படாதுன்னு நீர்தானே சொன்னீர்? பின்னே இது எப்படி ஒரிஜினல் ஆகும்?"

அவரைச் சுற்றிக்கொண்டு மேலே நடந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு உச்சியில் மாமி கார்டை நீட்டினாள். கடைசி முத்திரை விழுந்தது. சார் ஒரு பாறையில் உட்கார்ந்து, 'உச்சியில் காற்று. மஃப்ளர் அவசியம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

கர்ணர்கள் ஜனவரிச் சம்பளத்தில் கொடுத்தார்கள், பிப்ரவரிச் சம்பளத்தில் கொடுத்தார்கள். இரண்டு மாதம் எங்கள் ஆபீசில் சாயாக் கணக்கு பாதியாகக் குறைந்தது. மாசி கடைசியில் ஜீப் மலை ஏறியது. பங்குனியில் பேச்சி அதில் இறங்கிப்போய் வித்துரா ஆஸ்பத்திரியில், கட்டிலில், ஒரு பெண் பெற்றாள்.

அடுத்த வருஷமும் நடை வந்தது. சாம்பசிவன் சார் இந்தத் தடவை கம்பு, டார்ச், மஃப்ளர், இரண்டு விசிலோடு தயாராக, ஷீட்டை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனார். தாணுலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கால் ரூபாய் எழுதினார். ஷிபுவும் கால் ரூபாய். எல்லாரும் கால் ரூபாய்.

"ஜனங்களுக்குத் தர்ம சிந்தையே குறைஞ்சு போச்சு" என்று சார் என்னிடம் வருத்தப்பட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்களுக்கும் இப்படி ஒரு காரியம் இருக்கும்: நடக்கப் போகிறது, வீணை கற்கப் போகிறது, புகையிலையை விடப் போகிறது, ஏதோ ஒன்று. அதைக் கேட்ட சிநேகிதர்கள், "நீ மட்டும் செஞ்சு காட்டு, நான் இவ்வளவு தரேன்" என்று கைவீசிப் பெரிய தொகையாகச் சொன்னால் கண் கலங்கிவிடாதீர்கள். நீங்கள் செய்துவிடுவீர்கள் என்று நம்புகிறவர் யாரும் கால் ரூபாய்க்கு மேல் எழுதுவதில்லை.