பாவ்லோவின் இரட்டைக்கொம்பு

ஆனைக்கரை

இயேசுவுக்குப் புகழ். சித்தூர்க் கடைப் பலகைகளில் பாதியை எழுதிய கைக்குச் சொந்தக்காரரான சூசையப்பன் மாமா அவர்களுக்கு, மருமகள் ஜிஸ்மி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். வீட்டில் இருக்கும் படம் ஒன்றுக்குத்தான் சுகமில்லை. போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள் என்பதால் தபால்.

நம் ஹோம்ஸ்டேயில் ஓர் இத்தாலிக்கார ஓவியர் தங்கியிருக்கிறார். பெயர் பாவ்லோ. பாவ்லா இல்லை, பாவ்லோ; நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். அவருடைய அப்பா அங்கே பேர்போன ஓவியராம். இவர் எதை வரைந்தாலும் "இன்னாருடைய மகன்" என்றுதான் பேசுவார்களாம். அடுத்த மாதம் கொச்சியில் கண்காட்சி. அங்கே தன் படம் அப்பா பேர் ஒட்டாமல் தன் பேரில் மட்டும் தொங்க வேண்டும், அவ்வளவுதான் மனுஷனின் ஆசை.

மொழிபெயர்ப்பு என் வேலை. "அவரோட அப்பா படமெல்லாம் ஏலத்துல போகுதாம்ப்பா" என்றேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கயும் ஏலமா? பச்சைக் காயா, காயவச்சதா?" திருத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அம்மா பாவ்லோவுக்கு இன்னொரு கோழித்துண்டு வைத்துவிட்டாள், ஏலத்தோட்ட முதலாளி மகனாயிற்றே! சரி, சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவர், அப்பாவின் நிழலில் தன்னால் வளரவே முடியவில்லை என்று கண் கலங்கினார். அதையும் அப்படியே சொன்னேன். "ஏட்டி, நெழலு இல்லாம ஏலம் எங்க வளரும்? கூடிப் போயிருக்கும். மரத்தை வெட்ட வேணாம், கொம்பை மட்டும் வெட்டச் சொல்லு" என்றார் அப்பா. அப்பா சொன்ன கொம்பு மரக்கிளை, அதற்கு நான் போட்ட இங்கிலீஷ் மாட்டுக்கொம்பு. பாவ்லோ முழித்தார். "என் அப்பாவுக்குக் கொம்பா?" என்றார். "கொம்பு இல்லாமலா ஊரே அவர் பேரைச் சொல்லுது?" என்றேன். இருவரும் சேர்ந்து முழித்தோம். யாருக்கு என்ன புரிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் பாவ்லோ, அம்மா ஏலக்காய் எடுக்கிற படத்தை முடித்துவிட்டு, மூலையில் தன் பேரைத் தமிழில் எழுதச் சொல்லித் தூரிகையை என்னிடம் நீட்டினார். பெயின்ட் கையில் வந்தால் என் புத்தி உங்களுக்குத் தெரியாததா? அப்பாதான் கொம்பை வெட்டச் சொல்லியிருக்கிறாரே! 'லோ'வின் இரட்டைக்கொம்பை வெட்டிவிட்டேன். பாவ்லா! வாசலுக்கு வந்த மீன்காரர் அதை வாசித்துவிட்டு, "ஓஹோ, வரையுற மாதிரி பாவ்லாவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பாவ்லோ அதைப் பாராட்டு என்று நினைத்துக் கைகூப்பினார். மாமா, அந்தக் கும்பிடைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கொச்சியிலும் தமிழ் வாசிக்கிறவர்கள் இருப்பார்களே! மெல்லிய தூரிகையோடு உடனே வாருங்கள். 'வ்'வுக்கும் 'ல'வுக்கும் நடுவே ஒரு கொம்பு நுழைய இடம் இருக்கிறது.

மாதா உங்கள் கை நடுங்காமல் காக்கட்டும். அத்தைக்கு ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
கொம்பு வெட்டிய ஜிஸ்மி

பின்குறிப்பு: வர வேண்டாம் மாமா. மனசு கேட்காமல் கொம்பை வெட்டியதை அவரிடமே சொல்லிவிட்டேன். பாவ்லா என்றால் சும்மா நடிப்பது என்றேன். படத்தின் மூலையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "என் அப்பாவை யாராவது இப்படிக் கூப்பிட்டதுண்டா?" என்று கேட்டார். இருக்காது என்றேன். "அப்படியானால் இந்தப் பேர் எனக்கே எனக்கு" என்று அழிக்க மறுத்துவிட்டார். படத்தில் அம்மாவுக்குப் பின்னால் இப்போது புதிதாக நானும் நிற்கிறேன். வெட்டிய கொம்பு வீணாகவில்லை, என் தலையில் முளைத்திருக்கிறது. இரட்டைக்கொம்பு, ஒன்று குறையாமல்.