என் பேரில் ஒரு காட்டுப்பூனை

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மாடிப்படி ஏறும்போதே முடிவெடுத்துவிட்டேன். பெரிய முடிவுகளை எல்லாம் நான் மாடிப்படியில்தான் எடுப்பேன். வீட்டுக் கதவு திறக்கும்வரை அவை உயிரோடு இருக்கும்.

விஷயம் இதுதான். உலகத்துக்கே தெரியாத ஒரு புதிய காட்டுப்பூனை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்தவன் நான்.

சிரிக்காதீர்கள். வனவிலங்கு ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. காட்டுக்குள் போகிற வேலை இல்லை, எனக்குக் கொசு ஆகாது. மரங்களில் கட்டிவைத்த கேமராக்கள் தானாக எடுத்துத் தள்ளும் படங்களை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். பெரும்பாலும் காற்றில் ஆடும் இலை. அதை விட்டால், கேமராவை முகர்ந்து பார்க்கும் பன்றியின் மூக்கு. பல வருஷமாக இலையும் மூக்கும், மூக்கும் இலையும். அப்படி ஒரு மத்தியானம், இரண்டு கொட்டாவிக்கு நடுவே, பாறைமேல் சாம்பல் நிறத்தில் ஒன்று படுத்துக் கிடந்தது. காதில் வெள்ளை வளையம். வால் நுனி, யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி மொட்டை.

இப்படி ஒரு பூனையை நான் பார்த்ததில்லை. எங்கள் இயக்குநரும் பார்த்ததில்லை. கூண்டு வைத்துப் பிடித்தார்கள். முடியும் ரத்தமும் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிட்டார்கள். பரிசோதனை முடிவு வந்தது. சந்தேகமே இல்லை, புது இனம்!

இயக்குநர் என் தோளில் தட்டினார். "முதல்ல பார்த்தது நீங்க. என்ன பேர் வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. உங்க பேரா இருந்தாலும் சரி. பின்னாடி லத்தீன்ல ஒரு வால் ஒட்டிடலாம். கூடவே, அது எப்படி இருக்கும், என்ன செய்யும்னு பத்திரிகைக்காரங்களுக்குப் புரியற மாதிரி நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார்.

என் பேர்! அதைக் காதால் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது! ஆபீசில் நான் 'இலை சார்'. கீழ்வீட்டுப் பல் டாக்டருக்கு 'மாடிக்காரர்'. மனைவிக்கு 'ஏங்க'. அவளுக்குக் கோபம் வந்தால் 'உங்களைத்தான்'. கோபம் முற்றிவிட்டால், சுவரைப் பார்த்து 'அந்த மனுஷன்'. பேருக்கு ஒரு புருஷன் என்று சிலரைச் சொல்வார்கள். நான் அதுகூட இல்லை. எனக்குத்தான் பேரே இல்லையே!

என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோர்ட்டில் சுருக்கெழுத்தாளர். வாதி, பிரதிவாதி, சாட்சி என்று யார் என்ன உளறினாலும் ஒரு எழுத்து விடாமல் எடுத்துவிடுவாள். வீட்டில் எழுதுவதில்லை. எல்லாம் மனப்பாடம். "அன்னிக்குச் சண்டையில நீங்க 'ஏதோ வாய் தவறிடுச்சு'ன்னு சொன்னீங்க. சொல்றதுக்கு முன்னாடி இருமினீங்க" என்று இருமலோடு சேர்த்து ஒப்பிப்பாள். இவளோடு வாதாட வேண்டுமென்றால் ஒன்று வக்கீலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாயில்லாப் பிராணியாக இருக்க வேண்டும்.

கதவு திறந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"புதுப் பூனைக்கு என் பேரை வைக்கப்போறேன்" என்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பூகம்பத்தை எதிர்பார்த்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"தாராளமா வைங்களேன்" என்றாள்.

"நிஜமாவா?"

"சந்தோஷம்தான். ஆமா, பார்க்க எப்படி இருக்கும்?"

"சின்னதா, சாம்பல் கலர்ல."

"உடம்பு?"

"லேசா தொப்பை உண்டு."

"கால்?"

"குட்டை."

"பகல்ல என்ன பண்ணும்?"

"தூங்கும். எந்தப் படத்தைப் பார்த்தாலும் தூக்கம்தான்."

"குரல்?"

"வாயைத் திறக்குது. சத்தம்தான் வரமாட்டேங்குது."

"நாயைப் பார்த்தா?"

"ஒரே பாய்ச்சல்ல மரம் ஏறிடும். ஆனா இறங்கத் தெரியாது. நம்ம ஆளுங்கதான் ஏணி வெச்சு இறக்கினாங்க."

அவள் என் சட்டையை மடித்து, காலரை நீவிவிட்டாள். "ரொம்பப் பொருத்தமான பேருங்க" என்றாள்.

எனக்கு உடனே உறைக்கவில்லை. அதற்குள் எங்கள் கொடியிலிருந்து விழுந்த துண்டைக் கொடுக்கப் பல் டாக்டர் மேலே வந்துவிட்டார். மனைவி அவரிடம் நான் சொன்னதை அப்படியே, என் குரலிலேயே ஒப்பித்தாள். பல் டாக்டர் தன் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

"சார்! தெருநாய்க்குப் பயந்து போன மாசம் என் கார் மேல ஏறினீங்களே! அதை யாரு சார் உங்க ஆபீஸ்ல போய்ச் சொன்னது?"

"டாக்டர், இது பூனையைப் பத்தின விஷயம்."

"நானும் அதைத்தான் சார் சொல்றேன். இறங்கத் தெரியாம நின்னீங்களே, நான்தானே ஸ்டூல் போட்டேன்!"

அவர் படியிறங்கும்வரை சிரிப்பு கேட்டது. கீழே யாரிடமோ சொன்னார். அங்கேயும் சிரிப்பு.

நான் சோபாவில் சரிந்தேன். கண்முன்னே ஒரு பள்ளிக்கூடம் தெரிந்தது. பரீட்சை நடக்கிறது. கேள்வித்தாளில் என் பேரைப் போட்டு, 'குறிப்பு வரைக' என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் எழுதுகிறார்கள்: தொப்பை உண்டு. கால் குட்டை. பகலெல்லாம் தூங்கும். வாயைத் திறந்தால் சத்தம் வராது. எல்லாருக்கும் முழு மார்க். பேர் எடுப்பது வேறு, பேர் கெடுவது வேறு. எனக்கு இரண்டும் ஒரே நாளில் நடக்க இருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. என் வாழ்க்கையிலேயே சோபாவில் உதித்த முதல் யோசனை. பூனைக்கு அவள் பேரை வைத்துவிட்டால்? தொப்பை அவளுக்கு! குட்டைக்கால் அவளுக்கு! உலகம் உள்ளவரை!

"யோசிச்சுப் பார்த்தேன். என் பேர் வேண்டாம். உன் பேரை வைக்கலாம்" என்றேன் டிபன் முடிந்ததும், முகத்தில் காதலை வரவழைத்துக்கொண்டு.

"ஐயோ, எனக்கெதுக்குங்க?"

"இத்தனை வருஷம் என்னைப் பொறுத்துக்கிட்டியே, அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"அதெல்லாம் வேண்டாம். கூச்சமா இருக்கு."

"நீ ஒத்துக்கலைன்னா நான் சாப்பிடவே மாட்டேன்."

"இப்பதானே ஒரு தட்டு முடிச்சீங்க?"

"அடுத்த வேளையைச் சொல்றேன்."

கெஞ்சினேன். கொஞ்சினேன். தன் மனைவியைப் பழிவாங்க அவள் காலில் விழப்போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் பெருமூச்சு விட்டாள்.

"சரி, உங்க ஆசைக்காக. அந்த நாலு வரியை நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன். உங்க கையெழுத்தை மனுஷங்க படிக்க முடியாது."

"ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாது."

"என் தொழிலே அதுதானே? இருங்க, ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

தங்கையிடம் பெருமையடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பேசட்டும் பாவம். திரும்பி வந்து டைப் பண்ண உட்கார்ந்தாள். நான் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, ஜட்ஜு தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னேன். "பூனைக்குத் தொப்பை உண்டு." அடித்தாள். "பூனையின் கால்கள் குட்டையானவை." அடித்தாள். கண் இமைக்கவில்லை. தூக்கம், குரல், நாய், ஏணி, ஒன்றையும் விடவில்லை. 'சற்றே' தொப்பை என்று போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்கு அவ்வளவு குஷி. அவளே இயக்குநருக்கு அனுப்பியும் வைத்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, ஜெயித்தவன் தூக்கம்.

அடுத்த நாள் காலை பல் டாக்டர் பத்திரிகையோடு மேலே வந்தார். வாசலில் நின்றபடியே உரக்கப் படித்தார். முதலில் பூனையின் பேர். என் மனைவியின் பேர்தான், லத்தீன் வாலோடு. நான் அடக்க முடியாமல் புன்னகைத்தேன். டாக்டர் மேலே படித்தார்.

"'ஆண் பூனைக்குத் தொப்பை உண்டு. ஆண் பூனையின் கால்கள் குட்டையானவை. ஆண் பூனை பகலெல்லாம் தூங்கும். ஆண் பூனை வாயைத் திறந்தாலும் சத்தம் வராது. நாயைக் கண்டால் ஆண் பூனை மரமேறும், இறங்கத் தெரியாது. பெண் பூனை இதுவரை எந்தக் கேமராவிலும் சிக்கவில்லை. மிகுந்த புத்திசாலி என்று கருதப்படுகிறது.'"

"அநியாயம்! நான் சொன்னதை மாத்திட்டே!"

"எதையும் மாத்தலைங்க" என்றாள், டாக்டருக்கு நாற்காலி போட்டபடி. "ஒரே ஒரு வார்த்தை சேர்த்தேன்."

"அந்தக் கடைசி ரெண்டு வரி?"

"அது உங்க இயக்குநர் வாக்குமூலம். டைப் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணி, 'படத்துல இருக்கறது ஆணா, பெண்ணா'ன்னு கேட்டேன். சாட்சி சொன்னதை நான் எப்படி விடமுடியும்?"

இயக்குநருக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "இலை சார், உங்க வீட்டம்மா கெட்டிக்காரி! எல்லாப் படத்துலயும் இருக்கறது ஆண்தான். நம்ம யாருக்கும் அது தோணலை பாருங்க. நல்லவேளை, பெரிய தப்பு நடந்திருக்கும்."

"சார்..." என்றேன். சத்தம் வரவில்லை. போனை வைத்தேன்.

"படம் நல்லா வந்திருக்கு" என்றார் பல் டாக்டர்.

"பூனை படமா?"

"அது உள் பக்கத்துல இருக்கு. இது உங்க வீட்டுப் படம்."

ஞாயிற்றுக்கிழமை போட்டோக்காரர் வந்து போன செய்தியே எனக்குத் தெரியாது. "நல்லா தூங்கினீங்க, எழுப்ப மனசு வரலை" என்றாள் மனைவி. பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். முன்னால் அவள், தலைவாரி, பவுடர் போட்டு, கம்பீரமாக. பின்னால் எங்கள் சோபா. அதில் வாயைத் திறந்தபடி நான்.

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'பூனைக்குப் பெயர் தந்தவர். பின்னால், சோபாவில்: ஆண்.'